கூடம் கோணலா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் அமெரிக்காவில் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து அரங்கத்தைப் புதுப்பிக்கிறார்கள். இந்த சீசன் முழுக்க அணி வேறொரு கல்லூரியின் அரங்கத்தைக் கடன் வாங்கி ஆடப்போகிறது. பழைய ரசிகர்கள் அந்த இடத்தைக் கரித்துக் கொட்டுகிறார்கள்: தூரம், சின்னது, சத்தமே எழும்பாது, இந்த வருடம் அணி அவ்வளவுதான் என்கிறார்கள். சீசன் டிக்கெட் எடுப்பது வீண் செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட்டுக்கு வருகிறேன். ஆனால் உங்களுக்குள் இருக்கும் சந்தேகம் வேறு. பல வருடம் பார்த்தவர்கள் ஒரு கூடத்தைப் பற்றி இவ்வளவு அடித்துச் சொல்லும்போது, அதில் எதை நம்புவது, எதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவது என்பதுதான் அது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊரில் நான் ஆடியது கால் கொதிக்கும் சிமென்ட் கோர்ட்டில். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அதில் பதினான்கு குளிர்காலங்கள் வார இறுதிகளில் பள்ளி ஆட்டங்களுக்கு விசில் ஊதியிருக்கிறேன். கல்லூரி முதல்நிலை ஆட்டத்தில் நடுவராக நின்றதில்லை, அந்த அளவில் ஆடியதும் இல்லை. ஆகவே ஆட்டக்காரர்களின் மனசுக்குள் என்ன ஓடும் என்று நான் ஏதாவது சொன்னால் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கூடங்களைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம். நல்லதும் மோசமுமாக நிறைய கூடங்களில் ஓடிக் களைத்தவன்.

உங்கள் நிலைமையில் நாங்கள் இருந்தது 2017-18 சீசனில். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் சொந்த இடம் ஃபிஃப்த் தேர்ட் அரீனா. 1989இல் திறந்தது, 13 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அதை 8 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் உள்ளே குடைந்து மாற்றிக் கட்ட முடிவு செய்தார்கள். ஆண்கள் அணி அந்த ஒரு சீசனுக்கு ஓஹையோ ஆற்றைத் தாண்டி, அடுத்த மாநிலமான கென்டக்கியில், நார்தர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் அரங்கத்துக்குப் போனது. அப்போது அதன் பெயர் பிபி அண்ட் டி அரீனா. 2008இல் கட்டியது, ஒன்பதாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். நகர மையத்திலேயே, ஆற்றோரத்தில், அதைவிடப் பெரிய அரங்கம் ஒன்று 1975இலிருந்து நின்றுகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு ஆறு தாண்டிப் போவானேன் என்று அந்த வருடம் கேட்காத ரசிகர் இல்லை. நானும் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்றால், எனக்குத் தூரம். வீடு நகரத்தின் வடக்கே. கல்லூரி வளாகத்துக்கு இருபத்தைந்து நிமிடம். இந்த அரங்கத்துக்குப் போக, வேலை விட்டுவரும் கூட்டத்தோடு நகரத்தை முழுசாகக் கடந்து, 471ஆம் நெடுஞ்சாலையின் மஞ்சள் வளைவுப் பாலத்தில் ஊர்ந்து, அப்புறம் மலைமேட்டில் ஏற வேண்டும். (அந்த இரட்டை வளைவைப் பார்த்துவிட்டு உள்ளூரில் அதற்குப் பிக் மேக் பாலம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஹாம்பர்கர் கடையின் சின்னம் போலவே இருக்கும்.) புதன்கிழமை இரவு ஏழு மணி ஆட்டத்துக்கு நான் இருக்கையில் உட்காரும்போது ஸ்கோர் 9-6 என்று இருக்கும். அந்த எரிச்சல் அந்த இரவு முழுக்க என்னோடு உட்கார்ந்திருக்கும். எதிரணி ஒரு ஃப்ரீ த்ரோவைச் சரியாகப் போட்டால்கூட "இந்த இடமே சரியில்லை" என்று வாய் முணுமுணுக்கும். இது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று: நான் திட்டிக்கொண்டிருந்தது பாலத்தை.

நம் ஊரில் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே ஆடுகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்க வந்தவர்கள்தான் கோணல் என்றோம்.

சரி, கூடம் உண்மையில் எப்படி? நடுவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கூடத்தைப் பார்க்கும் விதம் வேறு. வளையம் தரையிலிருந்து பத்து அடி உயரம், அது எங்கும் மாறாது. கல்லூரி ஆட்டத்தில் கோர்ட் 94 அடிக்கு 50 அடி, அதுவும் மாறாது. மாறுவதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். நான் கோர்ட்டின் ஓரமாக ஒரு சுற்று நடந்து குதிகாலால் தட்டிப் பார்ப்பேன். பலகைகளைக் கோத்துப் போடும் தரையில் எங்காவது ஒரு இடத்தில் சத்தம் மொத்தையாக வரும். அங்கே பந்து ஒரு விரற்கடை குறைவாக எழும்பும். செத்த இடம் என்போம். பனி ஹாக்கியும் நடக்கிற அரங்கமென்றால் பலகைக்கு அடியில் ஐஸ் இருக்கும், கணுக்கால்வரை ஒரு சில்லிப்பு ஏறும். பிறகு வளையம் மாட்டிய போர்டுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்ப்பேன். கண்ணாடிப் போர்டுக்குப் பின்னால் பத்தடியில் மாணவர்கள் நிற்கிறார்களா, கறுப்புத் திரை தொங்குகிறதா, ஆழம் தெரியாத வெட்டவெளியா. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்த இரவல் அரங்கத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. புதுசு, நல்ல வெளிச்சம், இருக்கைகள் கோர்ட்டை ஒட்டி இறங்கி வருகின்றன. எங்கள் பழைய அரங்கத்தின் மேல்தட்டு சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இங்கே ஆட்டக்காரரின் ஷூ லேஸ் தெரிந்தது. இதைச் சொன்ன ரசிகரை நான் அந்த சீசனில் ஒருவரைக்கூடச் சந்திக்கவில்லை. இழந்ததை எண்ணுகிறவன் கிடைத்ததை எண்ணுவதில்லை.

பின்னணி வெட்டவெளியாக இருந்தால் ஷூட்டிங் கெடும் என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியங்களுக்குள் கோர்ட் போட்டு இறுதிச்சுற்று நடத்தும்போதெல்லாம் இது கிளம்பும். கெடலாம், குறிப்பாக முதல் பத்து நிமிடம். ஆனால் 2016இல் ஹூஸ்டனின் என்ஆர்ஜி ஸ்டேடியத்தில், அப்படிப்பட்ட வெட்டவெளியில், வில்லனோவா அணி ஓக்லஹோமாவை 95-51 என்று அடித்தபோது எறிந்ததில் 71 சதவீதம் உள்ளே போனது. ஆகவே இது உறுதியான விதி இல்லை. தோற்ற இரவில் மட்டும் நினைவுக்கு வரும் காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது முடிவுகளுக்கு வருவோம், ஏனென்றால் "இந்த வருடம் அணி அவ்வளவுதான்" என்பது உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். அதே 2017-18இல் குறைந்தது மூன்று பெரிய அணிகள் ஒரே நேரத்தில் வீடில்லாமல் இருந்தன. எங்கள் சின்சினாட்டி ஒன்று. எங்கள் கான்ஃபரன்ஸிலேயே (தங்களுக்குள் வழக்கமாக மோதும் கல்லூரிகளின் குழு) இருந்த ஹூஸ்டன் இன்னொன்று. அவர்களுடைய ஹாஃப்ஹைன்ஸ் பெவிலியனை 6 கோடி டாலரில் ஃபெர்டிட்டா சென்டராக மாற்றிக்கொண்டிருந்ததால், பக்கத்திலேயே இருக்கும் டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் ஆடினார்கள். மூன்றாவது வில்லனோவா. ஆறாயிரத்து ஐந்நூறு பேர் கொள்ளும் சொந்தக் கூடத்தைப் புதுப்பிக்க விட்டுவிட்டு, ஃபிலடெல்ஃபியாவில் இருபதாயிரம் பேர் கொள்ளும் வெல்ஸ் ஃபார்கோ சென்டருக்கு (அன்றைய பெயர்) போனது.

சின்சினாட்டி அந்த வருடம் 31 வெற்றி, 5 தோல்வி. சொந்த ஆட்டங்களில் தோற்றது ஒன்றே ஒன்று. ஹூஸ்டன் 27 வெற்றி, 8 தோல்வி. டெக்சஸ் சதர்ன் அரங்கத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. வில்லனோவா 36 ஜெயித்து 4 தோற்று, தேசிய சாம்பியன் ஆனது. அதன் நான்கு தோல்விகளில் ஒன்றுதான் இரவல் அரங்கத்தில் வந்தது. பிப்ரவரி 7இல், அதுவரை அந்தக் கான்ஃபரன்ஸில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத செயின்ட் ஜான்ஸ் அணியிடம், 79-75. அன்றைக்கு ஃபிலடெல்ஃபியாவில் யாராவது அரங்கத்தைத் திட்டியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சின்சினாட்டியும் ஹூஸ்டனும் அந்த வருடம் மோதிய மூன்று ஆட்டங்கள். ஜனவரி 31இல் நம் இரவல் கூடத்தில் நாங்கள் 80-70 என்று ஜெயித்தோம். பிப்ரவரி 15இல் அவர்களுடைய இரவல் கூடத்தில் அவர்கள் 67-62. மார்ச் 11இல் ஆர்லாண்டோவில், யாருக்கும் சொந்தமில்லாத கோர்ட்டில், கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம்: நாங்கள் 56, அவர்கள் 55. அதாவது இரண்டு அணியும் கடன் வாங்கிய வீட்டிலேயே வீட்டுக்காரரைப் போல ஜெயித்தன. பொது இடத்துக்கு வந்ததும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். மூன்று ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, எனக்கும் தெரியும். ஆனாலும் "இரவல் கூடம் வீடாகாது" என்கிறவரிடம் இந்த மூன்று ஸ்கோரையும் எழுதிக் கொடுப்பேன்.

எதிர் உதாரணத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையில்லை. 2011-12இல் ஜார்ஜியா டெக் தன் பழைய அரங்கத்தைக் கட்டவிட்டு, அட்லாண்டாவின் ஃபிலிப்ஸ் அரீனாவிலும் புறநகரிலிருந்த குவின்னெட் அரீனாவிலுமாக மாறிமாறி ஆடியது. 11 வெற்றி, 20 தோல்வி. ஆனால் அதற்கு முந்தைய வருடம், சொந்த வீட்டில் இருந்தபோதே 13-18. பயிற்சியாளர் மாறியிருந்தார், முக்கிய ஆட்டக்காரர் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போய்விட்டார். ஏற்கெனவே காய்ச்சலில் இருந்தவனை வாடகை வீட்டுக்கு மாற்றியது போல. ஒரு விஷயம் மட்டும் அங்கே யோசிக்க வைக்கிறது. இரண்டு இடம் என்றால் எதுவுமே பழகாது. உங்கள் அணி ஒரே கூடத்தில் ஆடுகிறதா, பல கூடங்களில் அலைகிறதா என்று விசாரியுங்கள். தூரத்தைவிட எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

சொந்த மைதானத்தின் பலம் என்பது கட்டுக்கதை இல்லை, அது எல்லா விளையாட்டிலும் கணக்கில் தெரிகிறது. எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பம். பழகிய இடம், பயணக் களைப்பு இல்லாமை, கூட்டம், கூட்டத்தைக் கேட்கும் நடுவர் என்று நாலைந்து காரணம் சொல்வார்கள். 2002இல் ஒரு ஆய்வு வந்தது. பேஸ்பால், கூடைப்பந்து, பனி ஹாக்கி தொழில்முறை அணிகளில் 1987க்கும் 2001க்கும் இடையில் அதே ஊரிலேயே புது அரங்கத்துக்கு மாறிய 37 அணிகளை எடுத்துப் பார்த்தார்கள். 26 அணிகளுக்கு முதல் வருடம் சொந்த இடத்தின் பலம் குறைந்திருந்தது. மொத்தமாகப் பார்த்தால் ஏறக்குறைய கால்பங்கு போயிருந்தது. அப்படியானால் பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஆனால் கவனியுங்கள், முக்கால்பங்கு தங்கிவிட்டது. இன்னொன்று, அவை இரவல் கூடங்கள் அல்ல, தங்களுக்காகவே கட்டிக்கொண்ட பளபளப்பான புது வீடுகள். புது வீட்டிலும் இருட்டில் சுவிட்ச் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

நடுவர் விஷயத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். அதே 2002இல் பிரிட்டனில் 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் மோதல் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த அணிமீது 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அது கால்பந்து, டிவி முன்னால் நடந்தது. கூடைப்பந்துக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் "ஓ" என்று எழுந்த நொடியில் என் வாயிலிருந்த விசில் அரை நொடி தயங்கியதுண்டு. அந்த அரை நொடியில் பந்து மறு பக்கம் போய்விடும்.

அதனால்தான் ரசிகர்களின் புகார்களில் ஒன்றை மட்டும் நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன்: மாணவர்கள் வராமல் போவது. சொந்த வளாகத்தில் ஆட்டம் என்றால் ஒரு பையன் நூலகத்திலிருந்து எழுந்து ஐந்து நிமிடத்தில் போர்டுக்குப் பின்னால் நிற்பான். ஆற்றைத் தாண்ட வேண்டுமென்றால் அவனுக்கு ஒரு கார் வேண்டும் அல்லது பஸ் நேரம் பார்க்க வேண்டும், மறுநாள் பரீட்சை இல்லாமல் இருக்க வேண்டும். என்னைப் போல் நாற்பது தாண்டியவர்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்ததற்காகவே வந்துவிடுவோம். ஆனால் எங்களால் கைதட்டத்தான் முடியும், கத்த முடியாது. கத்துவதெல்லாம் அந்தப் பையன்கள்தான். நவம்பர், டிசம்பரில் சின்ன அணிகளோடு ஆடிய இரவுகளில் அந்தக் கூடத்தில் பந்து மரத்தில் மோதும் சத்தமும் ஷூ கிறீச்சிடுவதும் தனித்தனியாகக் கேட்டன. அது அரங்கத்தின் குற்றமில்லை. அதே கூடம் பிப்ரவரி 18, ஞாயிறு மதியம், விச்சிட்டா ஸ்டேட் வந்த அன்று வேறு கூடமாக இருந்தது.

அன்றைக்கு எனக்குப் பக்கத்து இருக்கையில் வழக்கமாக வரும் பெரியவர். எழுபதைத் தாண்டியவர், சிவப்புத் தொப்பி, மடியில் எப்போதும் உப்பில்லாத பாப்கார்ன். அந்த நாள்வரை சின்சினாட்டி சொந்த ஆட்டங்களில் தொடர்ந்து 39 ஜெயித்திருந்தது. பெரும்பகுதி பழைய அரங்கத்தில், மீதி இங்கே. கடைசி இரண்டு நிமிடம் யாரும் உட்காரவில்லை. என் காதில் பெரியவர் ஏதோ சொல்கிறார், உதடு அசைவது மட்டும் தெரிகிறது. அவ்வளவு சத்தம். 76-72 என்று தோற்றோம். வெளியே வரும்போது எனக்குப் பின்னால் ஒருவர், நம் அரங்கத்தில் என்றால் இது நடந்திருக்காது என்றார். பெரியவர் திரும்பிப் பார்த்து, "எந்த அரங்கம்?" என்று மட்டும் கேட்டார்.

கார் வரைக்கும் நடக்கையில் அவரே விளக்கினார். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஆஸ்கார் ராபர்ட்சன் ஆடிய காலத்திலும், அவர் போனபின் 1961லும் 62லும் தேசிய சாம்பியனான காலத்திலும் அணியின் வீடு வளாகத்துக்குள் இருந்த ஆர்மரி ஃபீல்ட்ஹவுஸ். அதை விட்டு 1976இல் வெளியேறி, ஆற்றோரத்து அரங்கத்தில் பதினொரு வருடம், அப்புறம் சின்சினாட்டி கார்டன்ஸில் இரண்டு வருடம் என்று பதின்மூன்று வருடம் வளாகத்துக்கு வெளியிலேயே ஆடியிருக்கிறார்கள். 1989இல் இப்போதைய அரங்கம் திறந்தபோது, இது கான்கிரீட் குகை, ஆர்மரியின் சூடு இதற்கு வராது என்று இவரும் இவருடைய கூட்டாளிகளும் திட்டினார்களாம். "முப்பது வருடத்தில் குகை நம்ம வீடாகிவிட்டது" என்றார். ரசிகரின் மதிப்பீட்டில் பாதிக்கு மேல் இதுதான் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் எத்தனை வெற்றியைப் பார்த்திருக்கிறோம், யாரோடு உட்கார்ந்து பார்த்தோம் என்ற கணக்கு. வாடகைக்கு வந்த ஐந்து மாதத்தில் அந்தக் கணக்கு ஏறாது. சுவரில் வேறொரு கல்லூரியின் கொடிகள் தொங்கும்போது இன்னும் ஏறாது.

புதுப்பித்த எங்கள் அரங்கம் 2018 நவம்பர் 7இல் திறந்தது. 12,012 இருக்கை, சுற்றிலும் ஒரே கிண்ணமாக. ஓஹையோ ஸ்டேட்டோடு முதல் ஆட்டம், கூட்டம் நிரம்பி வழிந்தது, 64-56 என்று தோற்றோம். அன்றைக்குக் கூடத்தைக் குறை சொன்ன ஆளை நான் பார்க்கவில்லை. ஹூஸ்டன்காரர்கள் மறுபடி நேரெதிர்: டிசம்பர் 1இல் ஃபெர்டிட்டா சென்டரைத் திறந்து ஆரகன் அணியை ஜெயித்தார்கள். இரவல் கூடத்தில் சேர்த்த வெற்றிகளும் சேர்ந்த அவர்களுடைய 33 ஆட்டத் தொடர் 2019 மார்ச்சில்தான் முறிந்தது.

டிக்கெட் விஷயம். பார்க்கிங், சாலை, உள்ளே போகும் வரிசை, இருக்கையின் கால் இடைவெளி, இவற்றைப் பற்றி ரசிகர்கள் சொல்வதை அப்படியே நம்புங்கள். அனுபவித்துவிட்டுச் சொல்கிறார்கள். சத்தத்தைப் பற்றிச் சொன்னால் எந்த ஆட்டம், எந்தக் கிழமை என்று கேளுங்கள். அணி தோற்றுப்போகும் என்று சொன்னால் ஐந்து பேர் அணியிலிருந்து யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று பாருங்கள், அது போதும். முழு சீசன் டிக்கெட் எடுக்கும் முன் ஒரு வாரநாள் ஆட்டத்துக்குத் தனி டிக்கெட்டில் போய்வாருங்கள். இரவல் அரங்கங்களில் கான்ஃபரன்ஸ் அல்லாத ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் நல்ல இடம் மலிவாகக் கிடைக்கும். மாணவர்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, கீழ்த்தட்டின் மேல் வரிசையில் இருக்கை கேளுங்கள். மகள் தெரிவாள், ஆட்டமும் தெரியும். ஆட்டம் முடிந்து மணி அடித்ததும் எழுந்து ஓடாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து பாப்கார்னை முடியுங்கள், அதற்குள் பாலம் காலியாகிவிடும்.